நடமாடும் மனை: உமணர் வண்டி முதல் சொகுசு ஊர்தி வரை

முன்னுரை

வீடு ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. வண்டி ஓரிடத்தில் நில்லாது ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காண வேண்டும் என்னும் விருப்பம் மாந்தர்க்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. லாரியின் அடிச்சட்டத்தின்மீது படுக்கையறை, சமையற்கட்டு, குளியலறை, கழிப்பறை ஆகிய அனைத்தையும் அமைத்துக் குளிர்சாதன வசதியோடு நாடு சுற்றிவரும் சொகுசு ஊர்திகள் இன்று உலகெங்கும் ஓடுகின்றன. நம் மக்கள் அவற்றைக் ‘கேரவன்’ என்கின்றனர். படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாக அச்சொல் நம் ஊர்ச் சிறுவர்க்கும் அறிமுகமாகிவிட்டது.

தமிழ்த்துறையார்க்கு ஊர்தியைப் பற்றி என்ன கவலை என்று சிலர் வினவலாம். கவலை உண்டு. ஓடும் வீட்டைப் பற்றிய மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று நம் சங்க இலக்கியத்தில் இருக்கிறது. அச்சித்திரத்தில் இருந்து, இன்றைய சொகுசு ஊர்தியில் இல்லாதுபோன ஒன்றும் இருக்கிறது. அது யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பயணம்

‘கேரவன்’ என்னும் சொல்லின் தாயகம் பாரசீகம். ‘கார்வான்’ என்பது அங்கே வண்டியைக் குறிக்கவில்லை. பாலைவழியில் கூட்டமாகச் சென்ற வணிகரையும் அவர்தம் ஒட்டகங்களையும் குறித்தது. அக்கூட்டம் இரவில் தங்கும் விடுதிக்குச் ‘சராய்’ என்று பெயர். ஐரோப்பியர் வாயில் புகுந்த பிறகு அச்சொல் பொருள் மாறிக் கூண்டு வண்டியைக் குறிக்கலாயிற்று. பின்னர் மோட்டார் காலத்தில் வீட்டு வண்டியின் பெயராகி, ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது. வணிகக் கூட்டத்திற்கு நம் முன்னோர் வழங்கிய சொல் ‘சாத்து’ என்பதாகும்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ‘கார்வான்’ என்ற இடத்திலெல்லாம் ‘சராய்’ என்பதும் உடன் நின்றது. செல்வோர் உண்டெனில் அவர் தங்க இடமும் உண்டு என்பது அக்கால நெறி. நாம் கார்வானைப் பெற்றுக்கொண்டோம்; சராயை விட்டுவிட்டோம். இக்கட்டுரையில் சொகுசு ஊர்தியை ‘மனையூர்தி’ என்றே குறிப்பிடுவோம்.

உமணர் வண்டி

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடினார். உப்பு விற்கும் உமணர் தம் வண்டிகளோடு நெடுவழி செல்லும் காட்சி அதில் விரிவாக வருகிறது. வண்டிக்குக் கூரை வேயப்பட்டிருக்கிறது. அதன் வாயிலருகே கோழி அடையும் கூடு இருக்கிறது. காடி வைத்த கலம் தொங்குகிறது. குழந்தையை உடைய பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். வலிய தோள்களை உடைய ஆடவர் வண்டியைக் காத்து உடன் நடக்கின்றனர்.

இதனை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். உமணர் வண்டி வெறும் சரக்கு வண்டியன்று. அது ஓடும் குடும்பம். கூரை உண்டு, உணவு உண்டு, கோழி உண்டு, குழந்தை உண்டு. வண்டியை ஓட்டுபவளே அவ்வீட்டின் தலைவி. ஓட்டுவோர் வேறு, வாழ்வோர் வேறு என்னும் பிரிவு அங்கே இல்லை.

உமணரின் முன்னெச்சரிக்கையைப் புறநானூறும் காட்டுகிறது. மேடுபள்ளமான வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று அஞ்சி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அவனை அச்சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்றைய லாரியின் பின்புறத்தில் தொங்கும் உபரிச் சக்கரத்தைக் காணுந்தோறும் நமக்கு அந்த உவமை நினைவிற்கு வருகிறது.

உப்பு வண்டி நம் பகுதிக்குப் பழங்கதையன்று. இந்தியாவில் குசராத்திற்கு அடுத்தபடியாக மிகுதியாக உப்பு விளையும் இடம் நம் அண்டையிலுள்ள தூத்துக்குடி. அங்கிருந்து புறப்படும் உப்பு லாரிகள் வல்லநாட்டில் தாமிரபரணியைக் கடந்து, திருநெல்வேலியைத் தொட்டு, நான்கு திசைக்கும் செல்கின்றன. உமணர் மறைந்தனர், அவர் தொழில் மறையவில்லை.

இப்னு பதூதா கண்ட ஓடும் நகரம்

மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவின் பெயர் நம் மாணவர்க்குப் புதிதன்று. 1340களில் மாபார் எனப்பட்ட நம் பாண்டி நாட்டிற்கும் வந்து மதுரையில் தங்கியவர் அவர். அதற்கு முன், 1330களில், காசுப்பியன் கடலுக்கு வடக்கே பரந்து கிடக்கும் கிப்சாக் புல்வெளியில் அவர் பயணம் செய்தார். அங்கே தாம் கண்ட வண்டிகளைத் தம் பயண நூலில் வருணித்துள்ளார்.

நான்கு பெரிய சக்கரங்கள். இழுப்பதற்குக் குதிரை, எருது அல்லது ஒட்டகம். மேலே மெல்லிய மரச்சட்டங்களைத் தோல் வாரால் பிணைத்துக் கம்பளத்தால் போர்த்திய கூடாரம். அதில் கிராதி வைத்த சாளரங்கள். உள்ளிருப்பவர் வெளியே உள்ளோரைக் காணலாம். வெளியே உள்ளோர் அவரைக் காண இயலாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உண்ணலாம், உறங்கலாம், படிக்கலாம், எழுதலாம் என்கிறார் அவர். உசுபெக் சுல்தானின் பாளையம் பெயர்ந்து வருவதைக் கண்டபோது, பள்ளிவாசல்களும் கடைத்தெருக்களும் உள்ள ஒரு பெருநகரமே நகர்ந்து வருவதாக அவர்க்குத் தோன்றியது. ஓடும் வண்டிகளிலிருந்து அடுப்புப் புகை எழுந்ததையும் குறித்துள்ளார்.

இன்று மனையூர்தி விற்போர் தம் விளம்பரங்களில் கூறும் சிறப்புகளுள் பெரும்பாலானவை, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த வருணனையில் அடங்கிவிட்டன எனலாம்.

மனையூர்தி கட்டப்படும் முறை

மனையூர்தியின் அடிப்படை, லாரிக்கும் பேருந்திற்கும் உரிய ‘சேசிஸ்’ எனப்படும் அடிச்சட்டம். அதன்மேல் கூடு அமைப்பதைப் ‘பாடி கட்டுதல்’ என்பது தொழில் வழக்கு. இத்தொழிலில் தமிழகம் பெயர் பெற்றது. கரூரில் பேருந்துக்கும், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரிக்கும் பாடி கட்டப்படுவதை அறிவோம். சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் ஊர்திகள் உருவாகின்றன. கேரள அரசு 2021இல் மனையூர்திச் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது, முதலில் காட்டப்பட்ட ஊர்தி பாரத்பென்ஸ் சேசிஸின்மீது கட்டப்பட்டதேயாகும்.

பேருந்தின் அடிச்சட்டம் தாழ்வானது, அலுங்காமல் செல்வது. லாரியின் அடிச்சட்டம் உயர்ந்தது, முரட்டு வழிக்கு ஏற்றது. செருமனி, ஆசுத்திரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பாலையையும் பனியையும் கடக்க விரும்புவோர் லாரிச் சட்டத்தையே தேர்கின்றனர். ஆனால் அதில் ஓர் இடர் உண்டு. லாரியின் சட்டம் ஏணியைப் போன்றது. ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் நிற்கும்போது அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்வது அதன் குறையன்று. நான்கு சக்கரமும் மண்ணைப் பற்றுவதற்கு அதுவே உதவி. மேலே அமர்ந்துள்ள வீடோ முறுக்கிக்கொள்ள இயலாதது. சுவர் வெடிக்கும், கதவு சிக்கும், நீர்க்குழாய் கசியும்.

ஆதலின் வீட்டைச் சட்டத்தோடு நேராக இறுக்கிவிடாமல், இடையில் ஒரு துணைச்சட்டத்தை வைத்து, மூன்று அல்லது நான்கு இடங்களில் மட்டும் சுழலும் மூட்டுகளாலோ சுருள்வில்லாலோ இணைக்கின்றனர். கீழே சட்டம் நெளிந்தாலும் மேலே வீடு நெளியாது. சுவர்கள் செங்கல்லும் அல்ல, தகரமும் அல்ல. இரு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே நுரைப்பொருளை அடைத்த பலகைகள் அவை. எடை குறைவு, வெப்பமும் எளிதில் புகாது.

எவ்வண்டியையும் மனையூர்தி என்று பதிவு செய்துவிட இயலாது. அதற்கென வகுக்கப்பட்ட இந்தியத் தரவிதி, இருக்கையும் மேசையும், படுக்கை, சமைக்கும் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும் என்கிறது. அவை வண்டியோடு அசையாது பொருத்தப்பட்டிருத்தலும் வேண்டும். மேசையை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். அவ்வாறு பொருத்தாவிடில், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அடுப்பும் அலமாரியும் ஆளின்மேல் வந்து விழும்.

நீரும் மின்சாரமும்

வீட்டில் நாம் எண்ணாது செலவிடும் பொருள்கள் இரண்டு. மனையூர்தியில் அவ்விரண்டையும் எண்ணியே செலவிட வேண்டும்.

முதலாவது நீர். நகரத்தில் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வகுத்த அளவு. நால்வர் உள்ள குடும்பத்திற்கு 540 லிட்டர். மனையூர்தியின் தொட்டி 300 லிட்டர் கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையாதலின், தொட்டி நிரம்பினால் 300 கிலோ கூடுகிறது. அது நான்கைந்து ஆட்களின் எடை. வீட்டுப் பழக்கத்தில் செலவிட்டால் அந்நீர் ஒரு நாளைக்கும் காணாது. ஆளுக்கு 25 லிட்டர் என்று சிக்கனம் காட்டினால் மூன்று நாள் வரும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளுச் செய்வார்கள். ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என்பது நாம் அறிந்த நபிமொழி. ஒரு முத்து என்பது முக்கால் லிட்டருக்கு மிகாதது. நான்கு முத்து கொண்டது ஒரு ஸாஉ. குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்யும் நாம் எத்தனை முத்து செலவிடுகிறோம் என்பதை மனையூர்தியில் ஒரு நாள் வாழ்ந்தால் அறிந்துகொள்ளலாம்.

புகுந்த நீர் வெளியேறவும் வேண்டும். குளித்த நீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு ஒரு தொட்டி எனத் தனித்தனியே இருக்கும். அவற்றைக் கொண்டுசென்று காலி செய்வதற்கென அமைந்த இடங்கள் மேலை நாட்டு முகாம்களில் உண்டு. நம் நாட்டில் கேரளத்து வாகமண்ணில் 2022இல் மனையூர்திப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. அத்தகைய இடம் இல்லாத ஊரில் ஓட்டுநர் என்ன செய்வார்? இருட்டிய பின் ஓடையோரம் நிறுத்திக் குழாயைத் திறந்துவிட எண்ணுவார். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி, வழிநெடுகக் கழிவுநீரைச் சுமந்து தவிக்கிறது. அவ்வாற்று நீரைக் குடித்து வாழும் நாம், சொகுசு ஊர்தியை வரவேற்கும் முன் அதன் கழிவுக்கு இடம் செய்தாக வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். 12 வோல்ட்டு, 100 ஆம்பியர் மணி உடைய ஒரு பேட்டரியில் அடங்குவது ஏறத்தாழ 1.2 யூனிட்டு. சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று மணிக்கு ஒரு யூனிட்டை விழுங்கும். அஃதாவது ஒரு பேட்டரிக்கு ஒரு மணி நேரக் குளிர்ச்சி. கூரையில் 400 வாட்டு சூரியப் பலகை பதித்தால், நெல்லை வெயிலிலும் நாளொன்றுக்கு 2 யூனிட்டை ஒட்டியே கிடைக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். இரவு முழுதும் குளிரூட்டப் போதாது. ஆகவே பேட்டரிகளை அடுக்க வேண்டும், அல்லது ஜெனரேட்டர் வைக்க வேண்டும். இரண்டும் எடை, இரண்டும் பணம். சொகுசு என்பதன் பொருள் இங்கே விளங்கிவிடுகிறது: வீட்டில் கேளாமலே கிடைப்பதை வண்டியில் விலை கொடுத்துச் சுமந்து செல்வதே அது.

சமையல் எரிவாயுவைப் பற்றியும் ஒரு சொல். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையில் தேங்கும். ஆதலின் சிலிண்டர் வைக்கும் அறையின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை இருத்தல் வேண்டும். சாளரம் திறந்திருக்கிறதே என்று அமைதி கொள்வது பேதைமை.

ஓட்டும் கலை

மொத்த எடை 7,500 கிலோவிற்கு மிகாத வண்டியை இலகுரக ஊர்தி உரிமம் பெற்றவர் ஓட்டலாம். அதற்கு மேற்பட்டதற்கு அவ்வுரிமம் போதாது. பத்து டன்னை ஒட்டிய மனையூர்தி அவ்வரம்பைக் கடந்தது. கார் ஓட்டிப் பழகிய செல்வர் அதை வாங்கலாம்; ஓட்டுவதற்கு லாரி ஓட்டிய கை வேண்டும்.

நம் டவுண் ரத வீதிகளை நினைத்துப் பாருங்கள். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் திரும்பும் காட்சியை நகரத்தார் அனைவரும் கண்டிருப்பர். வடம் பிடிப்போர் ஆயிரம் பேராயினும், முனையில் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுப்போரின் கைத்திறனே. பெரும் எடையை இழுப்பது எளிது. திருப்புவதும் நிறுத்துவதுமே அரிது. மனையூர்திக்கும் இதுவே விதி. பின்சக்கரத்திற்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதி, வண்டி இடப்புறம் திரும்பும்போது வலப்புறம் வீசும். வாகையடி முக்கிலோ சந்திப்பிள்ளையார் முக்கிலோ அவ்வாறு வீசினால், ஓரத்தில் நிற்கும் சைக்கிளும் தள்ளுவண்டியும் தப்பா.

உயரத்தையும் மறத்தலாகாது. 1973இல் திறக்கப்பட்ட நம் சந்திப்பு ஈரடுக்குப் பாலத்தின் கீழ்த்தளம் சிறு வண்டிகளுக்கே உரியது. கூரைமேல் சூரியப் பலகையும் குளிர்சாதனப் பெட்டியும் ஏற்றிய வண்டியின் உயரத்தை ஓட்டுநர் அளந்து, கண்ணெதிரே எழுதி ஒட்டி வைத்தல் நன்று. தாழ்ந்த மின்கம்பியும் மரக்கிளையும் முன்னறிவிப்புத் தருவதில்லை.

நெல்லையிலிருந்து தெற்கே சென்றால் காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி. கணவாய் வழியே புகுந்து வரும் காற்றை நம்பியே அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. மனையூர்தியின் பக்கச்சுவர் 20 சதுர மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று குறுக்கே மோதும்போது ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு ஒத்த விசை வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். வேகத்தைக் குறைப்பதே அதற்கு மருந்து. மேற்கே செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு இறக்கத்தில் செல்வோர்க்கும் ஒரு மருந்து உண்டு. ஏறிய கியரிலேயே இறங்குக என்பது ஓட்டுநர் மரபு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இஞ்சினின் இழுவையே வண்டியைத் தடுத்து நிறுத்தும். தொட்டியில் பாதி நீர் மட்டும் இருக்கும்போது, வளைவில் அந்நீர் அலைந்து வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். அதன் பொருட்டே தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கப்படுகின்றன.

மகன் ஓட்டிய வண்டி

ஊர்தியையே வீடாக்கிக்கொண்டு நாடு சுற்றியவர்களுள் நம் காலத்தில் பெரிதும் பேசப்பட்டவர் என்.டி. இராமாராவ் ஆவார். 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய அவர், பழைய செவ்ரோலே வேன் ஒன்றைத் திருத்தியமைத்து, ‘சைதன்ய ரதம்’ எனப் பெயரிட்டு ஆந்திரம் முழுவதும் பயணம் செய்தார். வண்டியிலேயே உறங்கினார், சாலையோரத்திலேயே குளித்தார், உண்டார். 1983 சனவரித் தேர்தலில் ஆட்சியைப் பிடித்தார். நாம் இங்குக் கருதுவது அரசியலையன்று. அவ்வண்டியை ஓட்டியவர் அவருடைய மகன் அரிகிருட்டிணா. ஓட்டுபவரும் வாழ்பவரும் ஒரே குடும்பம் என்னும் உமணர் வழக்கம் அங்கே நிலைத்திருந்தது. இன்றைய மனையூர்தியில் அது நிலைத்திருக்கிறதா?

இரு வண்டிகள், இரு ஓட்டுநர்கள்

ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு மனையூர்தியை உள்ளே சென்று காணும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. உரிமையாளர் இன்முகத்தோடு எல்லாவற்றையும் காட்டினார். தேக்கு நிறப் பலகைகள், மடித்து விரிக்கும் கட்டில்கள், பொத்தானை அழுத்தினால் வெளியே நீளும் நிழற்கூரை என ஒவ்வொன்றும் வியப்பளித்தது. விடைபெறும்போது, ஓட்டுநர் எங்கே படுப்பார் என்று எம்முள் ஒருவர் கேட்டார். உரிமையாளர் சற்றே தயங்கி, சீட்டை நோக்கிக் கை காட்டினார். பின்புறம் ஆறு பேர்க்குப் படுக்கை இருந்த அவ்வண்டியில், அவர்களையெல்லாம் உயிரோடு கொண்டுசேர்க்கும் ஏழாமவர்க்குப் படுக்கை இல்லை. அதை அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

மற்றொரு நாள் வல்லநாட்டருகே தேநீர்க் கடையில் ஓர் உப்பு லாரி ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தோம். டவுணைச் சேர்ந்தவர். வீடு எங்கே என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “எனக்கு ரெண்டு வீடு அண்ணாச்சி. ஒண்ணு டவுண்ல இருக்கு, மாசத்துல நாலு நாளு. இன்னொண்ணு இந்தா நிக்கில்லா, இதுதான்.” கேபினை எட்டிப் பார்த்தோம். இருக்கைக்குப் பின்னே ஒரு முழ அகலப் பலகை, அதன்மேல் ஒரு போர்வை, கயிற்றில் உலரும் துண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, கண்ணாடியில் ஒட்டிய பெண்குழந்தையின் படம். கோழிக்கூடு ஒன்று குறைந்ததே தவிர, ஏறத்தாழ உமணர் வண்டிதான் அது. ஆனால் உமணப் பெண்ணின் குழந்தை அவள் மடியில் இருந்தது. இவர் குழந்தை கண்ணாடியில் இருக்கிறது.

“தூக்கம் வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டோம். “நிறுத்த எடம் கெடச்சா தூங்குவோம் அண்ணாச்சி. எடம் கெடைக்கலன்னா ஓட்டுவோம்” என்றார்.

சட்டம் இதனை அறியாததன்று. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே பொதுவான வேலை நேரம் என்றும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும், இரவில் தங்க நேரும் இடத்தில் ஓய்வறையை முதலாளியே அமைத்துத் தர வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் தொழிலாளரை வைத்திருந்த நிறுவனங்களையே அது பொதுவாகக் கட்டுப்படுத்தியது. ஒரு லாரியை வைத்துப் பிழைத்தவரும், அவரிடம் வேலை பார்த்தவரும் வரம்பிற்கு வெளியே நின்றனர். அச்சட்டத்தின் இடத்தில் 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்பும் தொழிலாளர் எண்ணிக்கையையே வரம்பாகக் கொண்டுள்ளது.

ஒரு நற்செய்தியும் உண்டு. நடுத்தர, கனரகச் சரக்கு ஊர்திகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025 முதல் புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு அது பொருந்துகிறது. எனினும் இப்போது சாலையில் ஓடும் பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது. மேலும், குளிர்ந்த அறை ஓட்டுநரின் வெக்கையைத் தணிக்குமேயன்றித் தூக்கத்தைத் தீர்க்காது. தூக்கத்திற்கு வேண்டுவது, அச்சமின்றி நிறுத்திப் படுக்க ஓர் இடம்.

முடிவுரை

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறும் பொருட்டு, இரு கல்லை நட்டு ஒரு கல்லை மேலே கிடத்திச் சுமைதாங்கி அமைத்தனர். சூலோடு இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது நம் நாட்டு வழக்கம். தன் சுமையை இறக்காமலே மறைந்தவள் பெயரால் பிறர் சுமையை இறக்கிவைக்க இடம் செய்த நெஞ்சம் எத்தகையது! இராணி மங்கம்மாளின் பெயரைச் சாலைகளும் சத்திரங்களும் இன்றளவும் காக்கின்றன. 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொண்டு தாமிரபரணியின் குறுக்கே பாலம் கட்டுவித்தார். நம் டவுணில் லாலா சத்திர முக்கு என்னும் பெயர், வழிப்போக்கர் தங்க இடமிருந்த காலத்தை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

மனையூர்தி வேண்டா என்று நாம் கூறவில்லை. முதியோரையும் நோயாளரையும் உடன் அழைத்துக்கொண்டு மலையும் கடலும் காண அது நல்ல துணை. நீரை அளந்து செலவிடவும், குறைந்த பொருளோடு நிறைந்து வாழவும் அது கற்றுத்தரும். ஆனால் அதனை வாங்குவோரும் கட்டுவோரும் முதல் கட்டிலை ஓட்டுநர்க்கு ஒதுக்கட்டும். பொருள் படைத்த பெரியோர், பள்ளிவாசல் முற்றமாயினும் திருமண மண்டபத் திடலாயினும் வணிகர் சங்கக் களமாயினும், நெடுஞ்சாலையை ஒட்டித் தமக்குள்ள இடத்தில் லாரிகள் இரவில் நின்று செல்லவும், ஓட்டுநர் குளித்து உறங்கவும் ஏற்பாடு செய்யட்டும். ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஒரு விளக்கு, ஒரு காவலர்: இக்காலத்துச் சுமைதாங்கிக்கு இவ்வளவே போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலரின் தந்தையரும் தமையன்மாரும் இன்றிரவும் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் வண்டியோடு இருப்பர். ஓட்டுபவர்க்கு ஒரு பாய் விரிக்க இடமில்லாத வண்டியை, அது எத்துணைச் சொகுசாயினும், வீடு என்று சொல்ல நம் தமிழ் இசையாது.